பெட்டிக்கு மண்டகப்படி

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டார் முறைவைத்து மண்டகப்படி செய்வார்கள். அந்த வழக்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் கண்காட்சியில் வைத்த பெருமை புதுச்சேரி பெட்டிக்காரர் சங்கத்துக்கே சேரும். சங்கம் என்றதும் கட்டடம், கொடி, நாற்காலிச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கார்குழலி, ஒரு தையல்காரர், ஒரு மளிகைக்கடைக்காரர், புதுச்சேரி ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நாலைந்து பெண்கள், அவ்வளவுதான் கூட்டம். இவர்கள் எல்லார் வீட்டிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதிலிருந்து ஒரு ஒயரை வீட்டு டிவியில் சொருகி, ஒரு கீபோர்டையும் மாட்டினால், சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவி கம்ப்யூட்டர் ஆகிவிடும். மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். தையல்காரர் அதில்தான் ஜாக்கெட் டிசைன் தேடுகிறார்.

வருஷா வருஷம் கடலூர் ரோட்டு மண்டபத்தில் நடக்கும் கண்காட்சியில் சங்கத்துக்கு ஒரு மேஜை ஒதுக்குவார்கள். முதல் வருஷம் கடையில் வாங்கின புதுப் பெட்டியைப் பளபளவென்று வைத்தார்கள். பார்க்க வந்த ஒரு அம்மாள், "வூட்ல இத வச்சிகினு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புதுப் பெட்டிக்கு ஏது வீடு? ஆளுக்கு ஆள் முழித்தார்கள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் மண்டகப்படி. ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டின் பெட்டி, அந்த வீட்டு டிவியோடு, அழுக்கோடு, மஞ்சள் கறையோடு வந்து மேஜையில் உட்கார வேண்டும். அந்த வீட்டு ஆளே நின்று காட்ட வேண்டும்.

இந்த வருஷ முறை அரியாங்குப்பம் தனக்கொடிக்கு வந்தது. முறை வந்தால் தட்ட முடியாது. சாமி விஷயத்தில் முடியாதது பெட்டி விஷயத்தில் மட்டும் முடியுமா? அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டின பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் அந்தப் பெட்டி அவள் பெட்டி இல்லை. அவள் புருஷன் புருஷோத்தமனின் கண்.

புருஷோத்தமன் மேட்டுப்பாளையத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவர். ஆளுயர மூட்டை அடுக்கை இண்டு இடுக்கில் நுழைத்து எடுத்துவிடுவார். அவர் வண்டி ஓட்டுவதை லோடுமேன்கள் பீடியை மறந்துவிட்டு நின்று பார்ப்பார்களாம். அப்படிப்பட்டவருக்குக் கண் நரம்பு உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டு வந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போயிற்று. போனது போனதுதான் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் கம்பெனியில் முதுகுத்தண்டு விலகிவிட்டதென்று சொல்லி வேலையை விட்டார். தெருவிலும் அதே கதை. உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர்: தனக்கொடி, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள், பெட்டியில் பேசும் குரலைப் போட்டுக் கொடுத்த கார்குழலி.

"ஐயோ பாவம்னு எவனும் சொல்லக்கூடாதுமே" என்பார். "கல்லால அடிச்சாலும் தாங்கிக்குவேன். அது மட்டும் தாங்காது."

அந்தக் குரல் டிவித் திரையில் இருப்பதை எல்லாம் அவருக்குப் படித்துச் சொல்லும். மூக்கடைத்துக்கொண்ட மாதிரி ஒரு ஆண்குரல். தனக்கொடி அதற்கு மூக்கடைப்பான் என்று பேர் வைத்திருந்தாள். அவள் காலை ஷிப்டுக்குப் போகும்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். பாட்டில் மூடிக் கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கி அவள் திரும்பும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். பொழுதைத் தள்ளுகிறார், பாவம், என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ரெண்டு நாளும் பெட்டி மண்டபத்துலயே இருக்கணுமாம்யா" என்றாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டே.

"இருக்கட்டும். அப்ப நான்?"

"நீ ரேடியோ கேளு."

"ரேடியோ அது சொல்றத சொல்லும். நான் கேக்கறத சொல்லுமா?"

"முடியாதுன்னு சொல்லிடட்டுமா கார்குழலிகிட்ட?"

அவர் நெத்திலிக் கருவாட்டைத் தட்டில் தடவி எடுத்தார். வெளியே ஐப்பசி மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நெடுநேரம் மென்றார்.

"மொற வந்து வாணாம்னு சொன்னா நல்லா இருக்காது" என்றார். "பெட்டி போனா நானும் போறேன். மேஜைக்குப் பின்னால ஒரு சேர் போட்டு உக்காத்தி வுடு. யாருனா கேட்டா முதுகு வலின்னு சொல்லு."

"மண்டபத்துல கலியபெருமாளு அண்ணன் இருக்குமேய்யா."

"இருக்கட்டும். அவன்தான் நம்மகூட பேசறது இல்லியே."

கலியபெருமாள் யார் என்று சொல்லிவிட வேண்டும். புருஷோத்தமன் ஃபோர்க்லிஃப்டுக்குப் போகும் முன்னால், துணி மில் ஓடின காலத்தில், அவருடன் ஒரே ஷிப்டில், ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர். மில் மூடினதும் மைக்செட் வைத்தார். இப்போது அந்த மண்டபத்தின் ஒலிபெருக்கி எல்லாம் அவர் கையில்தான். போன வருஷம் அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் எதிர்ச்சாரியில் நின்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறார். தனக்கொடி மருந்துக்கடைக்குள் நின்ற நேரம் அது. வெளியே தனியாக நின்ற புருஷோத்தமன் நேராக அவரைப் பார்த்த முகத்தோடு நின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டார். பத்திரிகை அந்த வீட்டுக்கு வரவே இல்லை. 'புருசோத்தமனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சி' என்ற சேதிதான் வந்தது. போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று தனக்கொடி அழுதாள். தலைக்கனம் என்றே இருக்கட்டும் என்றுவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் தனக்கொடி பெட்டியின் ஒயர்களை எல்லாம் கழற்றி ஈரத்துணியால் துடைத்தாள். ஆயுத பூஜை கழிந்து சில நாள்தான் ஆகிறது. பூஜைக்கு வாங்கின சந்தனத்தில் மிச்சத்தைக் குழைத்தாள். ஊர்ப்பட்ட சனம் பார்க்கப்போகிற பொருள், வெறும் நெற்றியோடு அனுப்பலாமா? பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாக இருந்த வாய்களில் நட்டநடுவில் இருந்ததன்மேல் கட்டை விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். நல்ல பாந்தமாக இருந்தது. கண்ணேறு கழிய எலுமிச்சம்பழம் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டாள்.

டிவியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். முன்னால் தனக்கொடி, பின்னால் அவர். அவள் திரும்பினால் டிவி திரும்பும், டிவி திரும்பினால் அவர் திரும்புவார். தெருவே பார்த்தது. டிவி தூக்குகிற புருஷன் பெண்டாட்டியைத்தான் பார்த்தது. கண் தெரியாத ஒருவரை அழைத்துப்போகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 'முதுகு வலிக்காரன் டிவி தூக்கறான் பாரு' என்று எதிர்வீட்டுக்காரி மட்டும் முணுமுணுத்தாள். அதற்கு என்ன செய்வது?

டெம்போவில் இடம் கிடைத்தது. ஆற்றுப்பாலம் வந்ததும் உப்பும் சேறுமாகக் காற்று அடித்தது. "தண்ணி ரொம்பப் போவுதா?" என்று கேட்டார். "ரெண்டு கரையும் ரொம்பிப் போவுது" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு வெளியே வந்தவர், முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடியே வந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கின சொல்தா ஒருவர் கட்டின மண்டபம் அது. முந்தின நாள் முகூர்த்தத்து வாழைமரம் வாசலில் இன்னும் நின்றது. உள்ளே போனதும் தனக்கொடி வாயைப் பிளந்தாள். தாலி கட்டுகிற மேடையில் ஒரு எந்திரக் கை எழுந்து வணக்கம் வைத்தது. பந்தி நடக்கிற கூடத்தில் பிள்ளைகள் கண்ணில் படம் காட்டும் கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெறுங்காற்றைப் பிடித்தார்கள். சங்கத்து மேஜைக்கு நேர் எதிரே ஒரு கடைக்காரர், வண்ண விளக்கு ஓடும் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை அடுக்கியிருந்தார். அங்கே துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கூட்டம் முழுக்க அங்கேதான்.

"இன்னா இருக்கு? சொல்லு" என்றார் புருஷோத்தமன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததும். அவள் பார்த்ததை எல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. "கை கும்புடுதா! அட்றா சக்கை" என்றார்.

கார்குழலி மழையில் நனைந்தபடி வந்தாள். டிவியை நிறுத்தி, கீபோர்டை மாட்டி, படம் வருகிற ஒயரைச் சொருகப் போனவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, இது இன்னாக்கா?"

"சந்தனம்டி."

"தெரியுது. படம் வர்ற ஓட்டையில ஏன்கா வச்ச?"

"நடுவுல இருந்தது. நெத்தின்னு நெனச்சேன்."

சந்தனம் காய்ந்து சிமெண்டு பூசினதுபோல உட்கார்ந்திருந்தது. கார்குழலி ஊசியால் கிளறினாள், ஊதினாள். "உள்ள பல்லு மாதிரி கம்பி இருக்குக்கா. ஒடஞ்சா பெட்டியே போச்சி. ஸ்பிரிட் போட்டு ஊற வச்சிதான் எடுக்கணும்" என்றாள். வேறு வீட்டுப் பெட்டியை எடுத்துவரலாம் என்றால் மழை ரோட்டை மறைத்துக் கொட்டியது. அதற்குள் ஜனம் வரத் தொடங்கிவிட்டது. கறுப்பாக நின்ற டிவியைப் பார்த்து, "ரிப்பேருபோல" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குத் தாவியது.

தனக்கொடி மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். முறை தவறிப்போயிற்று. அதைவிட, பெட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் அந்த மனுஷனுக்கு இருட்டைத் தவிர என்ன இருக்கிறது? தன் கையாலேயே, பொட்டு வைக்கிறேன் பேர்வழி என்று, புருஷன் கண்ணைக் குத்திவிட்டோமே என்று மேஜை விரிப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏம்மே, இன்னா ஆச்சி?"

சொன்னாள். சிரிக்கத்தான் போகிறார் என்று அவள் நினைக்கவில்லை. சிரித்தார்.

"கரண்டு ஓட்டை நல்லா இருக்குதா? சவுண்டு ஓட்டை?"

"அதெல்லாம் நல்லா இருக்குண்ணே" என்றாள் கார்குழலி.

"அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்குது. படம் இல்லன்னா இன்னா? என் வூட்ல இது எப்பம்மா படம் காட்டிச்சி?" சொல்லிவிட்டு நிறுத்தினார். கீபோர்டைத் தேடிக் கை மேஜைமேல் ஊர்ந்தது. தொண்டையைச் செருமினார். "இங்க இருக்கற எரைச்சல்ல ஹெட்போன் சத்தம் பத்தாது. மைக்செட்ல குடுக்கச் சொல்லு."

"யா, மைக்செட்டுன்னா கலியபெருமாளு அண்ணன்..."

"தெரியும். கூப்புடு."

கலியபெருமாள் வந்தார். கழுத்தில் துண்டு, கையில் ஒயர்ச் சுருள். வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அடடே, யாரு? பெரிய மனுசரு வந்துகிறாரா? எங்க கண்ணுக்கெல்லாம் தெரியறாரே இன்னிக்கி!"

"ஒயரு குடு" என்றார் புருஷோத்தமன்.

"இந்தா."

நீட்டினார். புருஷோத்தமன் கையை நீட்டினார். ஒயர் ஒரு பக்கம் இருந்தது, கை வேறு பக்கம் போய் நின்றது. அவர் விளையாடுகிறார் என்று நினைத்துக் கலியபெருமாள் ஒயரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். கை அசையவில்லை. அந்தப் பக்கம் கொண்டுபோனார். முகம் திரும்பவில்லை. கலியபெருமாள் சட்டென்று திரும்பித் தனக்கொடியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மெதுவாகக் குனிந்து, நண்பனின் உள்ளங்கையை விரித்து, ஒயரை வைத்து மூடினார். பிறகு விறுவிறுவென்று தன் மைக்செட்டுக்குப் போய், யாருக்கும் முகத்தைக் காட்டாமல் எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

பெட்டி உயிர் பெற்றது. மண்டபத்தின் அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒரு சத்தம் கிளம்பியது. அது பேச்சு இல்லை. தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி டரடரவென்று ஓடியது. பிள்ளைகள் காதைப் பொத்தின. எதிர்க்கடையில் துப்பாக்கிச் சண்டை நின்றது.

"ஸ்பீக்கரு கிழிஞ்சிடப்போவுது, அமத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். கலியபெருமாள் பாய்ந்து திருகைப் பிடித்தார்.

"வுடுறா, அமத்தாத!" என்றார் புருஷோத்தமன். "அது பேசுதுடா. இது நான் கேக்கற வேகம்."

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு விசையை அழுத்தினார். ஆலங்கட்டி கொஞ்சம் இடைவெளி விட்டது. இன்னொரு தடவை அழுத்தினார். சத்தத்துக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. இன்னொரு தடவை. 'புயல்', 'கரை' என்று இரண்டு சொல் தலையை நீட்டின. ஒவ்வொரு அழுத்தலுக்கும் சேறு கீழே இறங்கித் தண்ணீர் தெளிகிற மாதிரி, அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து தமிழ் எழுந்து வந்தது. கடைசியில் மூக்கடைப்பான் நிதானமாக, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வாசித்தான்.

தனக்கொடிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளும் ஹெட்போனுக்குள் இதுவா ஓடியது? ஒரே அறையில் இருந்தும் அவளுக்குத் தெரியாதே. கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருக்கிறார் என்றல்லவா நினைத்தாள்? உட்கார்ந்த இடத்திலிருந்தே இந்த மனுஷன் இவ்வளவு வேகத்தில் எங்கெங்கே போய்வந்தாரோ! அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு லோடுமேன்கள் எதற்காகப் பீடியை மறந்தார்கள் என்பது இப்போது புரிந்தது.

ஒரு காலேஜ்காரப் பெண் தன் போனிலிருந்து எதையோ பெட்டிக்கு அனுப்பினாள். "இத வேகமா கேட்டுட்டு இன்னா எழுதி இருக்குன்னு சொல்லுங்க, பார்க்கலாம்." ஆலங்கட்டி விழுந்தது, நின்றது.

"உங்க அத்தை ஊட்டுக் கிரகப்பிரவேசம். நெட்டப்பாக்கத்துல. எல்லாரும் பட்டுப்பொடவ கட்டிகினு வரணும்னு உங்கம்மா சொல்றாங்க. நீ மாட்டேன்ற" என்றார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜனம் மேஜையை மொய்த்தது. எதிர்க்கடைக்காரரே கடையை விட்டுவிட்டு வந்து கையைக் கட்டி நின்றார். கறுப்பு டிவியை ஒருவரும் இப்போது பார்க்கவில்லை.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஏன் சார், படம் இல்லாம ஓட்டுறீங்களே... உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

தனக்கொடி முந்திக்கொண்டாள். "அவருக்கு முதுகு..." என்று ஆரம்பித்தவளின் கையை மேஜைக்கு அடியில் அவர் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதும்மா" என்றார். "ரெண்டும் தெரியாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தே விட்டது அந்தச் சொல். வெற்றிலை மென்ற ஒரு அம்மாள், "ஐயோ பாவமே" என்றாள். தனக்கொடி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். எது நடக்கக்கூடாதென்று அத்தனை நாள் பொத்தி வைத்தார்களோ, அது நடந்துவிட்டது.

புருஷோத்தமன் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாவந்தாம்மா" என்றார். "இன்னொரு சேதி போடட்டுமா?"

"போடுங்க, போடுங்க" என்றாள் அந்த அம்மாளே. "கொஞ்சம் மெள்ள போடுங்க. எனக்குக் காது மந்தம்."

அதன்பிறகு பாவம் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. டிவி இல்லாமலே ஓடுமா, என் மாமனாருக்கு ஆகுமா, எங்கே கிடைக்கும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கார்குழலிக்குச் சொல்லி மாளவில்லை. தனக்கொடி கட்டிவந்த எலுமிச்சஞ்சாதம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

கூட்டம் ஓய்ந்ததும் கலியபெருமாள் டீயோடு வந்தார். டம்ளரைக் கையில் வைத்துப் பிடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"அன்னிக்கு கூட்டு ரோட்ல..."

"தெரியலடா."

"நான் கையாட்டுனேன்டா. பைத்தியக்காரன் மாதிரி ஆட்டுனேன்."

"கொடி அப்புறம் சொன்னா."

"அப்புறம் தெரிஞ்சுமா வரல? என் பொண்ணு கல்யாணம்டா புருசு. நீ இல்லாம பண்ணேன். எவனோ ஒருத்தன் வந்து பந்தி வெசாரிச்சான். உன்ன நெனச்சி, திட்டிகினே நின்னேன்."

"பாவம்னு சொல்லிடுவியோன்னு பயம்டா."

"நானா? உன்னயா?" கலியபெருமாள் அவர் தோளில் ஒரு அடி போட்டார். "தடிமாடு. என் தூக்குவாளில இருந்த மீனெல்லாம் தின்னவன். உன்னப் போயி எவன்டா பாவம்னு சொல்லுவான்?"

இரண்டு பேரும் அழுதார்கள். தனக்கொடி பார்க்காத மாதிரி எலுமிச்சஞ்சாதத்தைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் கையை விட்டார்கள்.

மறுநாள் கண்காட்சி முடிந்து கிளம்பும்போது டிவியைக் கலியபெருமாளும் கார்குழலியும் தூக்கிக்கொண்டார்கள். புருஷோத்தமனுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு கணம் நின்றார். பிறகு தன் கையை எடுத்துத் தனக்கொடியின் தோள்மேல் வைத்தார். எந்திரக் கையைத் தாண்டி, வாழைமரத்தைத் தாண்டி, வெளிச்சத்தில், ரோட்டோரம் அத்தனை பேரும் பார்க்க அவள் அவரை நடத்திக்கொண்டு போனாள். அந்தக் கை பாரமாக இருந்தது. அந்தப் பாரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

சந்தனம் ஸ்பிரிட்டில் ஊறி வந்துவிட்டது. பெட்டி பழையபடி டிவியோடு சேர்ந்தது. ஹெட்போனை மட்டும் அவள் எடுத்து மாடத்தில் வைத்துவிட்டாள். "நானும் கேக்கறேன்யா, புரியலன்னாலும் பரவால்ல" என்றாள்.

அடுத்த வாரம் மருந்து வாங்க இருவரும் தவளக்குப்பம் போனார்கள். மழை விட்டிருந்தது. கூட்டு ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஒன்றை ஒன்று பார்த்து அலறின. அந்த இரைச்சலுக்கு மேலே, எதிர்ச்சாரியிலிருந்து மைக் இல்லாமலே மைக்செட்காரரின் குரல் வந்தது.

"டேய் புருசோத்தமா! நான் கலியபெருமாளு! கையாட்டுறேன்டா!"

ரோடே திரும்பிப் பார்த்தது. புருஷோத்தமன் குரல் வந்த திக்கைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பெண்டாட்டியின் தோளில் ஒரு கை இருக்க, மற்றக் கையைத் தலைக்குமேல் உயர்த்தி, ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.